கிளிஞ்சலுக்கு விழுந்த ஸ்கூட்டர்

அத்தியாயம் 4

"அதிர்ஷ்டமா, லஞ்சமா? அத்த மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லுண்ணா. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்."

வந்தவள் பேர் முத்தாலம்மாள். கோவளத்துக்காரி. மீன் விற்கிறவள்.

தாம்பரம் மேற்கில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது லாசரஸின் துப்பறியும் ஆபீஸ். வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு நாற்காலி உண்டு. அதன் ஒரு கால் ஆடும். வேண்டுமென்றேதான் அதைச் சரிபண்ணாமல் வைத்திருந்தார். பொய் சொல்ல வருகிறவன் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து கோவையாகப் பொய் சொல்ல முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று, ஆயுசில் பாதியை அடுத்தவன் பையைச் சோதிப்பதிலேயே கழித்த ஆள். சாம்பார் சாதத்துக்கு அடியில் பித்தளை நட்டையும், பைபிளுக்குள் ஸ்பேனரையும் பார்த்தவருக்கு மனுஷ ஜாதி மேல் எங்கிருந்து நம்பிக்கை வரும்? படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படித்தவர்களைத்தான் அவர் அதிகமாகச் சோதித்தார்.

முத்தாலம்மாள் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடவில்லை. மீன் கூடையோடு ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய கால், ஊன்றினால் ஊன்றியதுதான். லாசரஸுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"யாருக்கும்மா அதிர்ஷ்டம்?"

"எம் புருசனுக்கு. கங்காதரன்னு பேரு. எங்க ஊரு போட்டுக்காரங்களுக்கெல்லாம் அவருதான் தலைவரு. அந்த சூதாட்ட கம்பெனி எங்க கரைக்கு வரக் கூடாதுன்னு மொதல்ல கொடி புடிச்சவரே அவருதான். போன வாரம் அந்த ஓட்டல்காரன் கூப்டான்னு போனாரு. புது ஸ்கூட்டரோட வூட்டுக்கு வந்தாரு. இப்ப, 'வந்தா வரட்டும், இன்னா கெட்டுடும்'ன்றாரு."

"ஓஹோ" என்றாள் ஜென்சி, மூலையில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தவள். லாசரஸின் உதவியாளர். பக்கத்து வீட்டு மருமகள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கிரெடிட் கார்டு விற்கிற கால் சென்டரில் பேசிப் பேசி வாயைத் தீட்டிக்கொண்டு வந்தவள். "கொடியைக் குடுத்துட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டு வந்துட்டார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்."

"ஜென்சி!"

"வாயில பஃப்ஸ் இருக்கு அங்கிள், இதுவே கம்மியாத்தான் பேசறேன்."

விஷயம் இதுதான். கஜானா காலியாம். காலி பண்ணினது யார் என்று கேட்க நாதியில்லை. ரொப்புவதற்கு மட்டும் ஒரு யோசனை வந்துவிட்டது. சூதாட்டம். லாட்டரிச் சீட்டை ஒழித்தோம் என்று மார்தட்டிய அதே அரசாங்கத்துக்கு, இது லாட்டரி இல்லையாம், கேளிக்கையாம். அதுவும் 'வரம்புக்குட்பட்ட' கேளிக்கை. ஒரே ஒரு இடத்தில், எண்ணி வைத்த மேசைகளில், வெளியூர்ப் பணக்காரன் மட்டும் வந்து தோற்றுவிட்டுப் போவான். உள்ளூர் ஏழைக்குக் கதவு திறக்காது. தோற்றவன் பணத்தில் வரி எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டுவோம் என்றது அறிவிப்பு.

"ஹெட்மாஸ்டர் ரூம்லயும் ஒரு சக்கரம் வெச்சுடலாம்" என்று ஜென்சி அன்றே சொல்லியிருந்தாள். "பாஸா ஃபெயிலான்னு சுத்தி விட்டா பேப்பர் திருத்தற செலவு மிச்சம்."

இடம் கோவளம் என்று பேச்சு. தோத்தாத்ரி என்ற ஓய்வுபெற்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு. நாளைக் காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள். அதற்கு முன்னோட்டமாக, லைசென்ஸுக்குத் தவம் கிடக்கும் ஹோட்டல் முதலாளி சம்பத், போன வாரம் குழுவையும் வெளியூர் விருந்தாளிகளையும், ஊரிலிருந்து கங்காதரன் ஒருத்தனையும் கூப்பிட்டு 'மாதிரி ஆட்டம்' நடத்தினான். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைதான். கடைசியில் ஒரு பரிசு மட்டும் நிஜம்.

"பரிசு எப்படிக் குடுத்தான்?" என்றார் லாசரஸ்.

"எங்க வழக்கப்படியே குடுத்தானாம். குறி போட்டு."

"அது என்னம்மா குறி?"

"போட்டு கரைக்கு வந்ததும் மீனைக் கூறு கூறா வெப்பாங்கண்ணா. எந்தக் கூறு யாருதுன்னு சண்ட வரக் கூடாதுல்ல? ஆளுக்கொரு சாமான் குடுப்பாங்க, அதான் குறி. எது யாருதுன்னு தெரியாத ஒரு ஆளக் கூப்ட்டு, கூறுக்கு ஒண்ணா வெக்கச் சொல்லுவாங்க. என் குறி எந்தக் கூறு மேல கீதோ அது எனுது. பெருசோ சின்னதோ, ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். அந்த ஓட்டல்காரன் கூடைய வெச்சி, வந்தவங்க எல்லாரையும் கைல கீறத ஒண்ணு போடச் சொன்னானாம். யாரோ ஒரு பொண்ணு கண்ணக் கட்டிகினு எடுத்துச்சாம். எங்க குறி வந்துச்சாம். சத்தியம் பண்றாரு."

"ஊர் என்ன சொல்லுது?"

"காசு வாங்கிட்டான்னு சொல்லுது." அவள் குரல் அப்போதுதான் முதல்முறையாக இறங்கியது. "இன்னிக்கி சாயங்காலம் ஊர்க்கூட்டம். லஞ்சம்னு முடிவு கட்டிட்டாங்கன்னா எங்க போட்டு கடல்ல எறங்கக் கூடாதுன்னுடுவாங்க. போட்டு எறங்கலன்னா எங்கொழுந்தன் வூடு, என் வூடு, ரெண்டும் பட்டினி. அவரு பொய் சொல்ல மாட்டாருண்ணா. கோவக்காரரு, குடிப்பாரு, ஆனா பொய் வராது."

லாசரஸ் வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார். பெண்டாட்டிமார் இதைச் சொல்லாத வழக்கே அவர் கண்டதில்லை. ஆனால் அந்த நாற்காலி இன்னும் ஆடவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக, ஒரு ஆளின் பேச்சைச் சோதிக்காமல் உள்ளே விட்டார்.

"குறியை எடுத்தாளே, அந்தப் பொண்ணைப் பிடிக்கணும்" என்று எழுந்தார். "ஜென்சி, வண்டிச் சாவி."

*

அந்தப் பெண்ணைப் பிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. சம்பத்தின் ஹோட்டல், தன் பெருமையை ஊர் முழுக்கப் பரப்பவேண்டும் என்று செல்போனில் படம் போட்டிருந்தது. கண்ணைக் கட்டி, கோட்டு போட்டு, பல்லெல்லாம் தெரிய நின்றாள் ஒருத்தி. கீழே பேரும் இருந்தது. ஜெயஸ்ரீ. மேடையில் மைக் பிடித்துப் பேசுகிற தொழில். ஊரப்பாக்கத்தில் வீடு.

"திருடன் படத்தைப் போலீஸ் ஒட்டும். இந்தக் காலத்துல அவனே ஒட்டிக்கறான்" என்றாள் ஜென்சி, பெருங்களத்தூர் நெரிசலில் ஹாரனை அமுக்கிக்கொண்டே.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், கட்டி முடிக்கும் முன்பே விரிசல் விட்ட அடுக்குமாடி. ஜெயஸ்ரீ கதவைத் திறந்தாள். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். காலேஜ் விழாவுக்கு ஆள் தேடி வந்திருக்கிறோம் என்று ஜென்சி கூசாமல் அளந்தாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுப் பரிசு எடுத்தீங்களாமே, அது மாதிரி ஒண்ணு எங்களுக்கும் வேணும். கொஞ்சம் செஞ்சு காட்டறீங்களா?"

"ஓ, ஷுயர் மேடம்!"

ஜென்சியின் கைப்பை திறந்தது. சீப்பு, சாவி, புளிப்பு மிட்டாய், பிள்ளையின் உடைந்த பொம்மைக் கார், ஒரு எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கொட்டினார்கள். ஜெயஸ்ரீயின் துப்பட்டாவாலேயே கண்ணைக் கட்டினார்கள்.

"சும்மா ஏதாவது ஒண்ணை எடும்மா" என்றார் லாசரஸ்.

கை போனது, சீப்போடு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள்.

"பலே. அதைத் திரும்பப் போட்டுடு. இப்போ அன்னைக்கு ஹோட்டல்ல எடுத்த மாதிரியே எடு. அதே ஸ்டைல்ல."

ஜெயஸ்ரீ நிமிர்ந்து நின்றாள். முகத்தில் மேடைச் சிரிப்பு வந்தது. கை உள்ளே போனது. சாவியைத் தொட்டது, விட்டது. சீப்பைத் தொட்டது, விட்டது. மிட்டாயை ஒதுக்கியது. பாத்திரத்தின் அடிவரை போய்த் துழாவி, கடைசியில் வேறு வழியில்லாமல் எலுமிச்சம்பழத்தோடு வெளியே வந்தது.

ஜென்சி லாசரஸைப் பார்த்தாள். லாசரஸ் மூக்கைச் சொறிந்துகொண்டார். தொழிற்சாலை வாசலில் கள்ளப் பை வரும்போது சொறிவாரே, அதே சொறி.

"முதல் தடவை உன் கை எடுத்துச்சும்மா. ரெண்டாந் தடவை தேடுச்சு. அன்னைக்கு என்னத்தைத் தேடினே?"

துப்பட்டா இறங்கியது. மேடைச் சிரிப்பும் இறங்கியது. "நீங்க... காலேஜ் இல்லையா?"

"நான் காலேஜ் வாசலைக்கூட மிதிக்காதவன். சொல்லு."

"சார், நான் ஜஸ்ட் ஆங்கர் சார். எனக்கு எதுவும் தெரியாது. கூடையில பெருசா ஒரு கிளிஞ்சல் இருக்கும், விசிறி மாதிரி வரி வரியா இருக்கும், போட்டோல நல்லா வரும், அதையே எடுத்துடுங்கன்னு சம்பத் சார் சொன்னார். போட்டோவுக்குத்தான்னு நெனச்சேன். பிராமிஸ் சார்."

"எடுத்ததும் யாருதுன்னு கேட்டீங்களா?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே அது புதுசாகத் தெரிந்தது. "கேக்கலை சார். நான் தூக்கிக் காட்டினதும் சம்பத் சாரே மைக்கைப் புடுங்கி 'கங்காதரன்'னு கத்திட்டார். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தக் குழுத் தலைவர் எழுந்து நின்னு, 'பாருங்க, ஏழைக்கும் அதிர்ஷ்டம் உண்டு'ன்னார்."

படியிறங்கும்போது ஜென்சிக்கு வாய் அடங்கவில்லை. "அதிர்ஷ்டத்துக்கு ரிகர்சல் பாத்த ஊரு உலகத்துலயே இது ஒண்ணுதான் அங்கிள். அப்போ லஞ்சம்தான். ஆனா வாங்கினவருக்கே தெரியாத லஞ்சம். மீன்காரர் கிளிஞ்சல் போட்டார், அவன் அதைத் தேடி எடுக்க வெச்சான். பாவம், அந்த மனுஷன் நெஜமாவே சாமி குடுத்துச்சுன்னு நெனச்சுட்டார்."

"அப்படித்தான் தெரியுது" என்றார் லாசரஸ். அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல அவருக்கே அவசரமாக இருந்தது. "அந்தக் கிளிஞ்சலை ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போயிடுவோம்."

*

வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஹோட்டல் வாசலில் ஒரு பலகை: 'பொறுப்பான கேளிக்கை, வளமான மாநிலம்.' பலகைக்குக் கீழே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் அந்தப் பலகையை மதித்தது அது ஒன்றுதான்.

சம்பத் சந்தன வாசனையோடு வந்தான். முப்பத்திரண்டு பல்லும் விலை போட்டு வாங்கியவை போல இருந்தன. செக்யூரிட்டி வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிறவன் என்று லாசரஸ் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"கசினோ வந்துட்டா வாசல்ல பை சோதிக்க ஆள் வேணுமில்லையா சார்?"

"வரும்போது சோதிக்கலாம் அங்கிள்" என்றாள் ஜென்சி. "போகும்போது பையில என்ன இருக்கப் போகுது?"

சம்பத் சிரித்தான். அவமானம் அவனுக்கு உறைக்காது. உறைத்தால் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டான். "பெரியவரே, நீங்கள்லாம் தப்பா நெனச்சுட்டிருக்கீங்க. இது சூதாட்டம் இல்லை. டூரிசம். அரசாங்கத்துக்கு வருமானம். வெளிநாட்டுல எல்லாம் இதுலதான் ரோடு போடறான்."

"நம்மாளுங்க ரோடு போடறதே ஒரு சூதாட்டம்தான் சார்" என்றார் லாசரஸ். "மழை வந்தா இருக்குமா இருக்காதான்னு."

சம்பத் அதற்கும் சிரித்துவிட்டு, வரவேற்பறை நடுவே கண்ணாடிப் பெட்டிக்குக் கூட்டிப்போனான். சிவப்பு வெல்வெட் துணி மேல் ஒரு கிளிஞ்சல். உள்ளங்கை அகலம், விசிறி போல வரிவரியாக, மெருகு ஏற்றி மின்னியது. பக்கத்திலேயே அன்றைய கூடை. விருந்தாளிகள் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்காத சில்லறைச் சாமான்கள் அதில் அப்படியே கிடந்தன. பேனா மூடி, கோட்டு பட்டன், சுருட்டிய விசிட்டிங் கார்டு, நீல நைலான் நூல் முடிச்சு ஒன்று.

"நம்ம மீனவ நண்பர் தன் கையாலயே போட்ட கிளிஞ்சல். லைசென்ஸ் வந்ததும் இதைத்தான் எங்க சின்னமா வெக்கப் போறோம்."

"அவர் போட்டதை நீங்க பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமா? மீனவர் வேற என்னய்யா போடுவார், லேப்டாப்பா?" அவன் ஜோக்குக்கு அவனே சிரித்தான். கூடைக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தான். "யாரோ குப்பையெல்லாம் போட்டிருக்காங்க. க்ளீன் பண்ணச் சொல்லணும்."

ஜென்சி செல்போனை எடுத்துப் பெட்டியையும் கூடையையும் சேர்த்து ஒரு படம் பிடித்தாள். சம்பத் தன் முகமும் அதில் விழும்படி தள்ளி நின்றுகொண்டான்.

*

கோவளம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் முத்தாலம்மாள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கடற்கரையில் ஆட்கள் கூட ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

லாசரஸ் நல்ல சேதி சொல்லிப் பழகாத ஆள். அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் சொன்னார். "உன் புருஷன் காசு வாங்கலைம்மா. அந்த ஹோட்டல்காரன் திருட்டுத்தனம் பண்ணிட்டான். எடுக்கற பொண்ணு கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சு, உன் புருஷன் போட்ட கிளிஞ்சலைத் தேடி எடுக்க வெச்சிருக்கான். அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா. ஊர்க்கூட்டத்துல நானே வந்து சொல்றேன்."

அவள் முகம் மலரும் என்று பார்த்தார். மலரவில்லை.

"இன்னாது கிளிஞ்சலா?"

"ஆமாக்கா, இதோ படம்" என்று ஜென்சி செல்போனை நீட்டினாள்.

முத்தாலம்மாள் படத்தைப் பார்த்தாள். பிறகு காலடியைப் பார்த்தாள். பெருவிரலால் மணலைக் கிளறினாள். வெள்ளை, சாம்பல், உடைந்தது, முழுசு என்று நாலைந்து கிளிஞ்சல் மேலே வந்தது.

"மணல் பூரா இதுதாண்ணா கீது. கூறு வெக்கறதும் இதே மணல் மேலதான். இதுல கிளிஞ்சலப் போயி குறியா வெச்சா, எது குறி, எது குப்பைன்னு எவனுக்குத் தெரியும்? கீழ கெடக்கறத எடுத்து வெச்சிட்டு எனுதுன்னுவான். கோவளத்துல பொறந்தவன் எவனும் கிளிஞ்சல குறியா போட மாட்டான். அந்த ஓட்டல்காரனுக்கு அது தெரியல. மீன்காரன்னா கிளிஞ்சல்னு நெனச்சிகினு அவனே ஒண்ண வாங்கிப் போட்டுகிறான்."

அவள் விரல் படத்தில் கூடைப் பக்கம் நகர்ந்தது. நீல முடிச்சின் மேல் நின்றது.

"இதாண்ணா எங்க குறி. எம் மாமனாரு காலத்துலேந்து நீல வலைநூலு, ரெட்ட முடிச்சி. எங்க ஊட்டு ஆளு எங்க குறி போட்டாலும் இதுதான். கூடையிலயே கெடக்குது பாரு."

ஜென்சி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். அவளுக்கு அது புது அனுபவம்.

லாசரஸுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. மேடையில் தூக்கிக் காட்டியது கிளிஞ்சல். கூப்பிட்ட பேர் கங்காதரன். தான் போட்டது நூல் முடிச்சு என்று அன்றைக்கு அந்த ஹோட்டலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஒரு ஆள்தான் எழுந்து போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான்.

"அவருக்குத் தெரியும்ணா" என்றாள் முத்தாலம்மாள். அழவில்லை. கூடையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

சோதிக்காமல் உள்ளே விட்ட ஒரே ஒரு பை. அதில்தான் சரக்கு இருந்தது. லாசரஸ் தன்னையே மனசுக்குள் ஒரு கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். "ஏம்மா," என்றார், "நான் ஹோட்டல்காரன் பண்ணினதை மட்டும் சொல்றேன். மீதியை விட்டுடலாம். உன் போட்டு தப்பிச்சுடும். இது நம்ம மூணு பேருக்கு மட்டும்தானே தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், லாசரஸ் வாசலில் பிடிபட்ட ஆள் மாதிரி நின்றார்.

"நாலு பேருண்ணா. அவுரு நாளைக்கி பத்து மணிக்கு ஆபீசருங்க முன்னாடி ஊரு சார்பா பேசப் போறாரு. இந்த ஒரு பொய்ய வுட்டா, அங்கப் போயி இன்னும் எத்தினி சொல்லுவாரு?"

*

ஊர்க்கூட்டம் வலை உலர்த்துகிற மேட்டில். ஊர்ப் பெரியவர் கிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரும் வந்திருந்தது. மணலில் கால் புதைந்து, சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் நின்றது. அதன் பக்கத்தில் கங்காதரன். நல்ல உயரம், கருங்கல் மாதிரி நெஞ்சு.

"குறி வுழுந்துச்சி, எடுத்துகினேன்" என்றான். "ஆத்தா மேல சத்தியமா நானு ஒரு ரூவா வாங்கல. எவனா இருந்தா முன்னாடி வந்து சொல்லட்டும்!"

முன்னாடி வந்தது அவன் பெண்டாட்டி. கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது.

"காசு வாங்கலன்னு எனுக்கும் தெரியும்யா. நானு கேக்கறது ஒண்ணுதான். அந்தப் பொண்ணு மேடையில எத்த தூக்கிக் காட்டுச்சி?"

கங்காதரன் சீட்டின் பிளாஸ்டிக் உறையை நீவினான்.

"நம்ம குறி இன்னா?"

அவன் கிட்டு பக்கம் திரும்பினான்.

"ஊருக்கே தெரியும் இன்னான்னு. நீ சொல்லு."

"நூலு" என்றான். காற்றுக்குப் பாதி போய்விட்டது.

"தூக்கிக் காட்டுனது?"

அவன் ஸ்கூட்டரைப் பார்த்தான். "கிளிஞ்சலு."

கூட்டத்தில் ஒருவன் 'தூ' என்று துப்பினான். கங்காதரன் திடீரென்று வெடித்தான். "இன்னா பண்ண சொல்ற? அம்மாம் பேரு கை தட்றாங்க! கோட்டு போட்ட ஆபீசருங்கல்லாம் எனுக்காக எந்திரிச்சி நிக்கிறாங்க! எவனாவது நமக்காக எந்திரிச்சி நின்னுகிறானா, சொல்லு! அந்த எடத்துல போயி, 'சார், இது எனுது இல்ல'ன்னு எப்டி சொல்றது?"

லாசரஸுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் எழுந்து நின்று கை தட்டியவர்கள் மேல் போனது. ஒரு மனுஷனைக் கெடுக்க மூட்டை மூட்டையாகப் பணம் தேவை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். ஒரு கைதட்டலே போதும் போல. அதற்கு வரிகூடக் கிடையாது.

கிட்டு தொண்டையைச் செருமினார். "தெரிஞ்சேதான் எடுத்துகிற. அப்போ கட்டுப்பாடு தெரியும்ல? உன் போட்டு..."

"போட்டு இன்னாப்பா தப்பு பண்ணுச்சி?" என்றாள் முத்தாலம்மாள். "அது கடலுக்குப் போவட்டும். எங்கொழுந்தன் ஓட்டுவான். இவுரு போவ வாணாம். நாளையிலேந்து எங்கூட மீன் விக்க வரட்டும். ஸ்கூட்டரு எப்டி வந்துச்சின்னு கேக்கறவங்களுக்கெல்லாம் அவரு வாயாலயே சொல்லட்டும்."

பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது. அப்புறம் ஆண்கள் பக்கமும் சிரித்தது. ஆம்பிளை மீன் கூடையோடு பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கூவுவதா! போட்டைக் கரையில் கட்டிப்போடுவதைவிட இது கொடுமை என்று கங்காதரன் முகத்திலேயே எழுதியிருந்தது. கிட்டு தாடையைத் தடவிவிட்டுத் தலையை ஆட்டினார். ஸ்கூட்டரை நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் ஹோட்டல் வாசலில், பலகைக்குக் கீழே, அந்த நாயை எழுப்பாமல் வைத்துவிட்டு வந்தார்கள்.

*

மறுநாள் காலை. ஹோட்டலில் நடந்ததைக் குழு முன்னால் சொல்ல ஜெயஸ்ரீயையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பயத்தில் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஜென்சிக்கே இடம் கிடைக்கவில்லை. மண்டபத்துக்குப் போகும் முன் லாசரஸ் மீன் விற்கிற பக்கமாக வண்டியை விடச் சொன்னார்.

பெண்கள் வரிசையின் நடுவே, கருங்கல் நெஞ்சைக் குறுக்கிக்கொண்டு கங்காதரன் உட்கார்ந்திருந்தான். முன்னால் சங்கராவும் நெத்திலியும். நடைக்குக் கிளம்பிய ஒரு தொப்பைக்காரர் நின்றார்.

"என்னம்மா முத்தாலு, புது ஆளா?"

"எங்க ஊட்டுக்காரருதான் சார். ஒரு கதை கீது. அவரையே கேளு."

கங்காதரன் மீனைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். "ஓட்டல்ல ஒரு பரிசு குடுத்தாங்க சார். அது என் குறி இல்லன்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாங்கிகினேன்."

"என்னப்பா? காதுல விழலை."

முத்தாலம்மாள் ஈயை விரட்டினாள். புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தமா சொல்லுய்யா. பத்து மணிக்கு மைக்கு குடுப்பாங்க, அங்க வந்து முணுமுணுத்தா எவன் கேப்பான்?"

கங்காதரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.